எத்தனை அடி தள்ளி நிற்பது?

ஃபிலிம் கேமரா வாங்கிய நண்பர்கள் ஆறேழு மாதத்தில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "வைட் லென்ஸ் ஒன்னு வாங்கணும்டா, எது வாங்கறது?" பழைய கேமராவோடு பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் வரும். அதை வைத்துக் கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுத்தால் கடை வராது. கடையும் வரட்டும் என்று பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும், இல்லாவிட்டால் சாலையில் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் 35, 28, 24, 20 என்ற எண்கள் தலைக்குள் ஓட ஆரம்பிக்கும்.

வழக்கமான பதில்கள் எல்லாருக்கும் தெரியும். 35 எதற்கும் ஒத்துவரும், 28 தெருவுக்கு, 24 இயற்கைக் காட்சிக்கு, 20 கொஞ்சம் பைத்தியக்காரத்தனம். பிறகு விலை, மூலையில் படம் தெளிவாக வருமா, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா. நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை முக்கியமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். "நீ மனுசங்ககிட்டருந்து எத்தனை அடி தள்ளி நிக்கப் போற? அதைச் சொல்லு, லென்ஸ நான் சொல்றேன்." சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. படித்தது பொறியியல், அந்தப் பழக்கம் போகாது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர். கேமராவை நெட்டையாகப் பிடித்து, 1.8 மீட்டர் உயரத்தை அந்த 36 மில்லிமீட்டருக்குள் அடக்க வேண்டும் என்றால் உருவம் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அதற்கு லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 10 மீட்டர். 50 என்றால் 2.5 மீட்டர். 35 என்றால் 1.75. 28 என்றால் 1.4. 20 என்றால் 1 மீட்டர், கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடும் தூரம்.

இன்னொன்றும் உண்டு. வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்பார்கள். லென்ஸ் அதைச் செய்வதில்லை. கிட்டே போவதால்தான் மூக்கு பெரிதாகிறது. ஒரே இடத்தில் நின்று 28இல் ஒரு படம், 50இல் ஒரு படம் எடுத்து, 28இன் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். பொருள்களுக்கு இடையிலான அளவு விகிதம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். நாம் நிற்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எவ்வளவு உள்ளே வரும் என்பதை மட்டும்தான் லென்ஸ் முடிவு செய்கிறது. ஆனால் ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தால், நம் கால்கள் அந்த லென்ஸுக்கு ஏற்ற இடத்தில் தானாகப் போய் நிற்கும். ஆகவே லென்ஸ் வாங்கும்போது மனிதர்களிடமிருந்து தள்ளி நிற்கும் ஒரு பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். பழக்கம் என்று வந்துவிட்டால் அதில் நல்லது கெட்டது உண்டா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் நாட்டில் இதை யோசிக்க ஏற்ற இடம் தைப்பூசத்தன்று பத்துமலை. ஆற்றங்கரையில் குளித்துவிட்டு, வேல் குத்திக்கொண்டு, காவடி தூக்கி, 272 படி ஏறுகிறவர்களைச் சுற்றிக் கேமராக்கள் இருக்கும். சிலர் ஓரமாக நின்று நீளமான லென்ஸில் எடுப்பார்கள். சிலர் கூட்டத்துக்குள் புகுந்து, நாக்கில் குத்திய வேலுக்கு ஒரு முழம் முன்னால் வைட் லென்ஸை நீட்டுவார்கள்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், மூன்று வருஷம் காவடி எடுத்தவர். அவரிடம் கேட்டேன். "வேல் குத்துனப்போ ஒன்னும் தெரியலடா. கண்ணத் தொறந்தா மூஞ்சிக்கு முன்னாடி நாலு கேமரா. அது ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அப்புறம் ஒரு படம் பார்த்தேன். எங்கேயோ தூரத்துல இருந்து எடுத்துருக்கான். நான் அழுதுக்கிட்டு இருக்கேன். அது அதைவிட ஒரு மாதிரி இருந்துச்சு. அவன் அங்க இருந்ததே எனக்குத் தெரியாது" என்றார்.

இந்த இரண்டு 'ஒரு மாதிரி'க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பிடிக்கப் பார்க்கிறேன். தூரத்திலிருந்து எடுத்தவர் அண்ணனை இடிக்கவில்லை, தொந்தரவு செய்யவில்லை, முகத்தை மறைக்கவில்லை. ஒரு வகையில் மரியாதையாகத்தான் நின்றிருக்கிறார். ஆனால் அந்த மரியாதையில் அண்ணனுக்குப் பங்கே இல்லை. அவர் தலையைத் திருப்பியிருக்க முடியாது, கையைக் காட்டியிருக்க முடியாது. 10 மீட்டரில் உறுமி மேளத்துக்கு நடுவே அவர் 'வேணாம்' என்று கத்தினாலும் கேட்டிருக்காது. 1.4 மீட்டரில் கேட்கும். கேட்காவிட்டாலும் உதடு அசைவது தெரியும். வைட் லென்ஸுக்கு ஒரு நியாயம் உண்டென்றால், எனக்குத் தெரிந்து இதுதான்: எடுக்கப்படுகிறவர் மறுக்கக்கூடிய தூரத்தில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நாம் அவரைப் பார்ப்பதுபோல அவரும் நம்மைப் பார்க்கிறார்.

இந்த நியாயத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால் அது ஆபத்து. நியூயார்க் நடைபாதைகளில் 28 மில்லிமீட்டர் லென்ஸும் கையில் ஃபிளாஷுமாக, எதிரே வருகிறவர்களின் முகத்துக்கு முன் பாய்ந்து எடுத்தவர் புரூஸ் கில்டன். அவர் நின்றதும் 'வேணாம்' கேட்கும் தூரம்தான். ஆனால் சொல்ல நேரம் இல்லை. ஃபிளாஷ் அடித்த பிறகுதான் அந்த மனிதருக்கு விஷயமே தெரியும். அந்தப் படங்களில் ஒரு உக்கிரம் இருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த உக்கிரம் எடுக்கப்பட்டவரின் திடுக்கிடலில் இருந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். பத்துமலையிலும் அதே கதை. அருள் வந்து நிற்கிறவருக்கு அந்த நிமிஷத்தில் மறுக்கும் நிலையே இல்லை. என்னிடம் உள்ள பழைய நிக்கோன் 28 மில்லிமீட்டர் லென்ஸ் 20 சென்டிமீட்டர் வரை கிட்டே போக விடும். லென்ஸ் விடுகிறது என்பதற்காக மனிதரும் விடுகிறார் என்று ஆகிவிடாது. கிட்டே இருப்பது போதாது. அவர் மறுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், அதற்கு நாம் ஒரு மூச்சு நேரமாவது கொடுக்க வேண்டும்.

இப்படிச் சொன்னால் ஒரு நண்பன் விடமாட்டான். "அப்ப அதிகாரத்துல இருக்கிறவன் ஒருத்தன அடிக்கிறான்னு வை. அவன்கிட்டப் போய் அனுமதி கேப்பியா?" கேட்கமாட்டேன். இங்கேதான் எனக்கு வள்ளுவர் ஞாபகம் வருகிறது. அரசரோடு பழகும் முறையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உவமை, நெருப்பில் குளிர்காய்கிறவர் உட்காரும் தூரம். அரசர் சுடக்கூடியவர், அதனால் அந்தக் கவனம். கேமரா வைத்திருக்கும் நாம் பெரும்பாலான நேரம் எதிரே இருப்பவரை விடப் பலசாலிகள். சுடக்கூடிய நெருப்பு நம் பக்கம் இருக்கிறது. அப்போது கவனமும் நம் பக்கம்தான் இருக்க வேண்டும். எதிரே இருப்பவர் நம்மைச் சுடக்கூடியவர் என்றால் கணக்கு திரும்பிவிடுகிறது. அவரை 10 மீட்டரிலிருந்து, அவருக்குத் தெரியாமல் எடுப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. அரசருக்கு நீள லென்ஸ், அண்டை வீட்டாருக்கு வைட் லென்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆனால் வைட் லென்ஸுக்கென்று தனியான ஒரு கள்ளத்தனம் உண்டு. அது நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

28 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வைக் கோணம், ஃபிரேமின் மூலைக்கு மூலை சுமார் 75 பாகை. 20 என்றால் சுமார் 94. கேமரா உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரை நோக்கி இருக்கிறது, நமக்கென்ன என்று நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் படத்தில் இருப்பீர்கள். தெருவில் படம் எடுக்கிறவர்களில் பலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்: நடுவில் சும்மா ஒரு தூணை வைத்துவிட்டு, உண்மையில் வேண்டிய ஆளை ஓரத்தில் பிடிப்பது. இன்னொரு வழி, கேமராவைக் கண்ணுக்கே கொண்டுபோகாதது. 28 லென்ஸில் துவாரத்தை எஃப் 8இல் வைத்து, குவியத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 1.65 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஓரளவு தெளிவாக வரும். இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே அழுத்தலாம். கிட்டே நிற்பதால் நேர்மை என்று மேலே சொன்னேனே, அந்த நேர்மையை இந்த இரண்டு வித்தையும் காலி செய்துவிடும்.

ஓரத்தில் இருப்பவருக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் லென்ஸ் அதற்காக ஒரு விலை கொடுக்கிறது. நடுவிலிருந்து விலக விலக உருண்டையான பொருள் வெளிப்பக்கமாக இழுபடும். முகமும் அப்படித்தான். எவ்வளவு என்றால், அது இருக்கும் கோணத்தின் கொசைனால் ஒன்றை வகுக்க வேண்டும். ஃபிரேமின் கடைசி மூலையில் 50 லென்ஸில் இது சுமார் 1.09 மடங்கு, கண்ணுக்கே தெரியாது. 28இல் 1.26. 20இல் 1.47. கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது நடுவில் மாப்பிள்ளை பெண், அப்புறம் சம்பந்திகள், கடைசியாக ஓரத்தில் கூப்பிடாமலே வந்து நிற்கும் ஒரு அத்தை. மேடை சின்னது என்று 20இல் எடுத்தால் அந்த அத்தையின் தலைதான் இழுபடும். ஏற்கெனவே ஓரத்தில் இருப்பவரின் உருவத்தைத்தான் இந்த லென்ஸ் கெடுக்கிறது. வைட் லென்ஸ் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள், சேர்த்துக்கொண்ட பிறகு அவர்களை என்ன செய்கிறது என்று சொல்வதில்லை.

இதெல்லாம் டிஜிட்டலுக்கும் பொருந்துமே, ஃபிலிமுக்கு என்ன தனியாக என்று கேட்கலாம். இருக்கிறது. போனில் எடுத்தால், "காட்டுங்க தம்பி" என்று கேட்கலாம். "நல்லால்ல, அழிச்சுடுங்க" என்று சொல்லலாம், நம் கண் முன்னாலேயே அழிந்துவிடும். அதாவது 'வேணாம்' என்பதை எடுத்த பிறகும் சொல்ல இடம் இருக்கிறது. ஃபிலிமில் அந்த இடம் இல்லை. அழுத்தியதும் அது ரோலுக்குள் போய்விடுகிறது. என்ன வந்திருக்கிறது என்று எடுத்தவருக்கே தெரியாது. என் நிக்கோன் எஃப்எம்2இன் வ்யூஃபைண்டர் காட்டுவது ஃபிரேமில் சுமார் 93 விழுக்காடுதான். மீதி ஓரம் நான் பார்க்காமலே ஃபிலிமில் பதிகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் சட்டக் கோட்டுக்கு வெளியே இருப்பவரும் கண்ணுக்குத் தெரிவார். எங்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

28 மில்லிமீட்டர் லென்ஸோடு அதிகம் பேசப்படும் பெயர் கேரி வினோகிராண்ட். அவர் 1984இல் இறந்தபோது, எடுத்து முடித்தும் கழுவாமல் கிடந்த ரோல்கள் மட்டும் சுமார் 2,500. ரோலுக்கு 36 என்று போட்டால் 90,000 ஃபிரேம். அதில் இருந்த மனிதர்களில் பலருக்குத் தாங்கள் எடுக்கப்பட்டதே தெரிந்திருக்காது. எடுத்தவரும் அந்தப் படங்களைப் பார்க்காமலே போய்விட்டார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நேராகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கடன் என்ற சொல் மனதில் வருகிறது. ஃபிலிமில் ஒருவரை எடுப்பது, அவரிடம் கணக்குக் காட்டாமல் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்வது. கழுவி, பிரிண்ட் போட்டு, முடிந்தால் அவர் கையில் கொடுக்கும் வரை அது தீர்வதில்லை. அழிக்கும் வசதி இல்லாததால், கேட்பது என்றால் முன்கூட்டியேதான் கேட்க வேண்டும்.

நான் வைட் லென்ஸ் வாங்கியதே ஒரே ஒரு அறைக்காக. பேராக்கில் பாட்டி குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பால்மரம் சீவிய காலத்திலிருந்து, சுற்றிலும் செம்பனை வந்த பிறகும், அவர் அதே வீட்டில்தான் இருந்தார். சமையலும் படுக்கையும் ஒன்றாக இருந்த அறை, 10 அடிக்கு 10 அடி. அது இடிபடுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும்.

மறுபடியும் கணக்கு. கதவோரச் சுவரில் முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச்சுவர் கேமராவிலிருந்து 2.7 மீட்டர். அந்தச் சுவரின் அகலம் 3 மீட்டர். 50 லென்ஸில் 1.9 மீட்டர் அகலம்தான் விழும். 35இல் 2.8, கொஞ்சம் விடுபடும். 28இல் 3.5, முழுச் சுவரும் பக்கச் சுவர்களின் ஓரமும் வரும். 20இல் 4.9. அப்போது எதிர்ச்சுவர் படத்தின் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சுருங்கிவிடும். மீதி எல்லாம் நீண்டு விரியும் பக்கச் சுவரும் தரையும்தான். கே.எல்.லில் வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். விளம்பரப் படத்தில் பந்து விளையாடலாம் போலிருக்கும் அறையில், நேரில் போனால் கட்டிலைச் சுற்றி நடக்க முடியாது.

என் சிக்கல் இதுதான். 20இல் எடுத்தால் அறையில் உள்ள எல்லாமே படத்தில் இருக்கும், அறையின் சின்னத்தனம் மட்டும் இருக்காது. அந்த அறையைப் பற்றிய முதல் உண்மையே அது சின்னது என்பது. ஏழு பேர் அதில் வளர்ந்தார்கள் என்பது இரண்டாவது உண்மை, முதலாவது இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை. 50இல் எடுத்தால் நெருக்கடி தெரியும், ஆனால் அடுப்பும் சாமிப் படமும் தண்ணீர்ப் பானையும் ஒரே படத்தில் வராது. எல்லாவற்றையும் காட்டினால் பொய், உண்மையாகக் காட்டினால் பாதி. கடைசியில் 28 வாங்கினேன். அந்தச் சுவருக்கு அது கணக்காக இருந்தது. தவிர, இருட்டான அறையில் 1/30 நொடியில் கையிலேயே பிடித்து எடுக்க முடிந்தது.

எடுக்கப் போகும்போது பாட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கட்டில் வேணாம்யா" என்றார். இடப்பக்கச் சுவரோரம் இருந்த இரும்புக் கட்டில். தாத்தா கடைசி இரண்டு வருஷம் அதில்தான் கிடந்தார். "அவரு அதுல கெடந்தது போதும். படத்துலயும் கெடக்க வேணாம்."

வைட் லென்ஸுக்கு 'இது மட்டும் வேணாம்' என்பது புரியாது. அது வாரி எடுக்கும். நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். கட்டில் வெளியே போனது, கூடவே வலப்பக்கச் சன்னலில் பாதியும் போனது. முழு அறைக்காக வாங்கிய லென்ஸில் முழு அறை வரவில்லை. இதைக் கேட்ட நண்பன், "அந்தக் கட்டில்தான்டா வரலாறு. பாட்டி கண்ணை மூடுனப்புறம் யாரு சொல்வா?" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் இருக்கும் படங்களே குறைவு. ஆனாலும் அந்த அறையில் மறுக்கும் உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான், அவர் மறுத்தது என் காதில் விழுந்தது. கேட்காத தூரத்தில் நின்றிருந்தால் சன்னல் முழுசாக வந்திருக்கும்.

8க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "அடுப்பு ஏன்யா இவ்ளோ தூரம் போயிடுச்சு?" சரியான கேள்வி. 28இல் எடுத்த படத்தை அந்த அளவில் பெரிதாக்கினால், சுமார் 24 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால்தான் கேமரா பார்த்த கோணத்தில் நம் கண்ணும் பார்க்கும். எட்டத்தில் வைத்தால் எல்லாம் தள்ளிப் போனதுபோல் இருக்கும். "கிட்ட வச்சுப் பாருங்க பாட்டி" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ம்ம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் எந்த வைட் லென்ஸ் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 28. உங்கள் ஊர் அறைகளுக்கு 35 போதும் என்றால் 35. பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், துவாரத் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு முதல் ரோலை வீட்டில் இருப்பவர்களிடமே எடுங்கள். அவர்கள்தான் கூச்சப்படாமல் 'வேணாம்' என்று சொல்வார்கள். அந்தச் சொல் எத்தனை அடியில் கேட்கிறது என்று காலுக்குப் பழகட்டும். தெரு அதற்கு அப்புறம்.